பால் டின்னில் வந்த முளைப்பாரி

எங்கள் பாடப் புத்தகங்கள் சென்னையில் அச்சாகிக் கப்பலில் வந்தவை. செராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரைத் தமிழ்ப் பள்ளியில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் மார்கழிப் பனியையும் கத்திரி வெயிலையும் ஆடிப்பெருக்கில் காவிரி நுரைத்து வருவதையும் மனப்பாடம் செய்தோம். வெளியே சிங்கப்பூரில் வருஷம் முழுக்க ஒரே வெயில், ஒரே மழை. ஆறு என்று நாங்கள் பார்த்திருந்தது ரோச்சோர் கால்வாய் ஒன்றைத்தான். அதில் தண்ணீர் பெருகினால் யாரும் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு பார்க்கப் போக மாட்டார்கள். பாயைச் சுருட்டி மேலே போடுவார்கள்.

எனக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. மனப்பாடத்தில் என்னை அடித்துக்கொள்ள வகுப்பில் ஆள் கிடையாது. பனி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில், நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருஷம், புது டீச்சர் வந்து என் நிம்மதியைக் கெடுத்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்தான் என்றாலும் பேச்சு மட்டும் அந்த ஊர்ப் பேச்சு. வந்த முதல் நாளே புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னார். ஓர் இலையையோ எறும்பையோ கையில் கொடுத்து, "வடிவாப் பாருங்கோ. என்ன காணுறீங்களோ அதை மட்டும் சொல்லுங்கோ" என்பார். வடிவாக என்றால் அவர் பேச்சில் நன்றாக என்று அர்த்தம். நாங்கள் அவருக்கு வடிவா டீச்சர் என்றே பெயர் வைத்துவிட்டோம்.

ஒரு சனிக்கிழமை வகுப்பையே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பிடோக்கில் கடல் வற்றும் நேரம் பார்த்துக் கொண்டுபோய் இறக்கினார். முழங்கால் சேற்றில் நின்று நண்டு வளைகளைப் பார்த்தோம். தொட்டால் சுருங்கும் ஏதோ ஒரு வழவழப்பான கடல் பிராணியைக் கையில் வாங்கிக்கொண்டு ஒருத்தி அலறினாள். இன்னொருத்திக்குப் பாவாடை முழுக்கச் சேறு. திங்கட்கிழமை காலையிலேயே நாலைந்து தாய்மார்கள் தலைமையாசிரியர் முன்னால் வந்து நின்றார்கள். "புள்ளைங்கள படிக்க அனுப்பறோமா, மீன் புடிக்க அனுப்பறோமா சார்?" என்று கேட்டதும், வடிவா டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு நின்றதும் எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. ஏனென்றால் பிடோக்கில் நான் வாயே திறக்கவில்லை. நண்டு எந்தப் பக்கம் நடக்கிறது, எத்தனை கால், எங்கே கண் என்று மளமளவென்று சொன்னது என் பக்கத்தில் உட்காரும் பையன். அவன் திருக்குறளில் பத்துக்கு மேல் ஒப்பிக்கத் தெரியாதவன். அவனுக்குப் போய் டீச்சர் முதுகில் தட்டிக்கொடுத்தார் என்றால் எனக்கு எரியுமா எரியாதா?

தலைமையாசிரியர் திட்டிய பிறகு டீச்சர் கொஞ்ச நாள் எங்களை வெளியே அழைத்துப் போகவில்லை. அதற்குப் பதிலாகத்தான் பால் டின் வந்தது. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து காலி பால் டின் இரண்டு கொண்டுவர வேண்டும். அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, பாசிப்பயறு ஊன்ற வேண்டும். ஒரு டின் பள்ளி ஜன்னலில் வெயிலில் இருக்கும். மற்றது வீட்டில் இருட்டில். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் என்றார் டீச்சர்.

"நல்ல இருட்டான இடம் ஆற்ற வீட்டில இருக்கு?" என்று அவர் கேட்டதும், யாருடைய வீட்டில் என்கிறார் என்று புரிந்துகொண்டு எல்லாரும் கையைத் தூக்கினோம். கடைவீடுகளின் மேல்மாடியைப் பலகையால் தடுத்துத் தடுத்து, ஒரு தடுப்புக்கு ஒரு குடும்பம் என்று குடியிருந்த பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்கு ஜோடி அந்த நண்டுப் பையன்தான். அவன் வெயில் டின்னை எடுத்துக்கொண்டான். நான் இருட்டு டின்னை வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் அறைக்கு ஜன்னலே கிடையாது.

அந்த அறையில்தான் அம்மா நாள் முழுக்க இருந்தாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று உயிரில்லாமலே பிறந்தது. இன்னொன்று ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. மறுபடியும் உண்டானது தெரிந்ததிலிருந்து அவள் மாடியை விட்டு இறங்கவில்லை. படி ஏறி இறங்கக்கூடாது, வெயில் படக்கூடாது, கண் படக்கூடாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆனால் அவளைக் கட்டிப்போட்டது அதெல்லாம் இல்லை, பயம். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சோற்றைப் பிசைந்துவிட்டு வைத்துவிடுவாள். பிறக்கப் போகிற பிள்ளையைப் பற்றி அப்பாவும் பேசமாட்டார், அவளும் பேசமாட்டாள். ஒரு தம்பியோ தங்கையோ வரப்போகிறது என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தபோது அப்பா என் வாயைப் பொத்தினார். பஸ் கண்டக்டராக நாளெல்லாம் கத்தி வேலை பார்க்கிற மனுஷர் வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார். எனக்கு அந்த வீட்டில் மூச்சு முட்டும்.

டின்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்தேன். தினமும் விளக்கில்லாமல் கையால் தடவிப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு நாள் மாலை பள்ளிவிட்டு வருகிறேன், அறை வாசலில் கோலம். சாம்பிராணிப் புகை. எதிர் அறை அத்தை உள்ளே உட்கார்ந்து மெதுவாகக் கும்மிப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எதிரே என் பால் டின். அதற்கு மஞ்சள் துணி கட்டி, வேப்பிலை செருகி, டின்னில் இருந்த மாட்டுப் படத்தின் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்கள்.

கூட்டும்போது கூடையைத் தூக்கிப் பார்த்தாளாம் அத்தை. உள்ளே பயறு முளைத்து, விரல் நீளத்துக்கு மேல் வெளிர் மஞ்சளாக நின்றதாம். ஆடி மாதம் அம்மன் திருவிழாவுக்குப் பெண்கள் இருட்டில் வைத்து வளர்க்கிற முளைப்பாரி அப்படித்தான் இருக்கும். முளைப்பாரி உயரமாக வந்தால் அந்த வீட்டில் நல்லது நடக்கும் என்பார்கள். அத்தை வருஷா வருஷம் விரதம் இருந்து போடுகிறவள். "நீ போடல, நான் போடல. அவளே வந்து உன் கட்டிலுக்கடியில உக்காந்திருக்கா பாரு. இந்தப் புள்ள தங்கும்டி" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள்.

"அது என்னோட டின்," என்றேன். "டீச்சர் குடுத்த பாடம். வெள்ளிக்கிழமை எடுத்துட்டுப் போகணும்."

"தொட்டேன்னா கைய ஒடைச்சிடுவேன்," என்றாள் அத்தை. "ஞாயித்துக்கிழமை கோயில்லேர்ந்து பிடோக்குக்கு லாரியில போறோம். எல்லா முளைப்பாரியோடயும் சேத்து இதையும் கடல்ல விடணும். அதுவரைக்கும் இது வாசல் தாண்டக்கூடாது."

நான் அம்மாவைப் பார்த்தேன், அவளாவது எனக்குப் பரிந்து பேசுவாள் என்று. அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தாள். "விட்டுரும்மா. வேற ஒன்னு போட்டுக்கலாம்," என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு தெளிவைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அன்று இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். முளைப்பாரி இருக்கிற வீட்டில் கவிச்சி கூடாது என்று அத்தை மீனுக்குத் தடை போட்டதும், அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஒங்க டீச்சர் புண்ணியத்துல எனக்கு மீன் போச்சு," என்றார். அம்மா சிரித்தாள். அதைப் பார்த்து அப்பாவும் சிரித்தார். நான் மட்டும் உர்ரென்று இருந்தேன். அம்மா சிரித்தது எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் என் டின் என் டின்தானே.

வெள்ளிக்கிழமை பள்ளியில் ஒரே கூத்து. ஜன்னலில் வெயில் டின்கள் வரிசையாகக் குட்டையாக, பச்சைப்பசேல் என்று நின்றன. இருட்டு டின் ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை. "பாவமா இருக்குன்னு அம்மா வெளிய எடுத்து வச்சிட்டாங்க டீச்சர்" என்றான் ஒருவன். "வாயில்லா ஜீவனை ஏன்டி இருட்டுல போட்டு வதைக்கறன்னு எங்கம்மா அடிச்சாங்க" என்றாள் ஒருத்தி. ஒரு வீட்டில் பூனை தள்ளிவிட்டது. இன்னொரு வீட்டில் முளை கட்டின பயறு வீணாகக்கூடாது என்று பிடுங்கித் தாளித்தே விட்டார்கள். மொத்த வகுப்புக்கும் கடைசிவரை இருட்டிலேயே இருந்த டின் என்னுடையது ஒன்றுதான். அது அம்மன் காவலில் இருந்தது.

நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. அம்மாவின் உடம்பைப் பற்றியும் முன்னால் போன இரண்டு பிள்ளைகளைப் பற்றியும்கூடச் சொன்னேன். டீச்சர் ஜன்னலில் நின்ற வெயில் டின்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "டின் வராட்டில் என்ன, நாங்கள் அங்க போவம்," என்றார். தலைமையாசிரியரிடம் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆக, ஐந்தாம் வகுப்பு முழுக்க இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொண்டு, பூக்கடைகளையும் மாவு மில்லையும் தாண்டி எங்கள் வீட்டுக்கு நடந்தது. நண்டுப் பையன் எங்கள் வெயில் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மாடி நடையில் நெருக்கியடித்து நின்றோம். ஒரு வகுப்பே அம்மனைப் பார்க்க வந்திருக்கிறது என்று அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. உடனே உட்கார்ந்து ஆளுக்கொரு பிடி சுண்டல் கொடுத்தாள். அம்மா சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் டின்னுக்கு முன்னால் முதலில் கும்பிட்டார். வெள்ளைச் சேலையில் சிலுவைச் சங்கிலி போட்டவர் கும்பிட்டது அத்தைக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பிறகு எங்களைக் கிட்டே கூப்பிட்டு, பழக்க தோஷத்தில், "வடிவாப் பாருங்கோ. என்ன காணுறீங்கள்?" என்று கேட்டுவிட்டார்.

நண்டுப் பையனுக்குக் கேட்க வேண்டுமா? குனிந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். "நம்ம டின்னைவிட ரெண்டு மடங்கு உசரம் டீச்சர். எல்லாம் மஞ்சளா இருக்கு. தண்டு நூல் மாதிரி. எல விரியவே இல்ல. தானா நிக்க முடியாம ஒன்னுமேல ஒன்னு சாஞ்சிருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டு முடித்தான்: "இது பொழைக்காது டீச்சர்."

சுண்டல் மெல்லுகிற சத்தம்கூட நின்றுபோனது. அத்தை, "ஒன் வாயில வசம்ப வச்சுத் தேய்க்க," என்று எழுந்தாள். அதற்குள் நான் அவன் உச்சி மண்டையில் நங்கென்று ஒரு குட்டு வைத்துவிட்டேன். டீச்சர் அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அக்கா, அவன் சின்னப் பிள்ளை, ஒண்டும் தெரியாமல்..." என்று தடுமாறினார். அம்மா திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள், இனி எழுந்திருக்கவே மாட்டாள் என்று நினைத்தேன்.

அம்மா படுக்கவில்லை. "அவன அடிக்காத," என்றாள் என்னிடம். பிறகு டீச்சரிடம், "புள்ள சரியாத்தான் சொல்றான். இருட்டுல வச்சா மஞ்சளாத்தான் வரும், எனக்குத் தெரியாதா டீச்சர்? ஊர்ல நான் போடாத முளைப்பாரியா? பொழைக்கறதுக்கா அதப் போடறோம், கடைசில தண்ணில விடத்தானே," என்றாள்.

சொன்ன சொல் அவளுக்கே உறைத்தது. கை தானாக வயிற்றின் மேல் போனது. நடையில் நின்ற பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நண்டுப் பையன் மண்டையைத் தடவிக்கொண்டு நின்றான், அவன் கையில் இருந்த பச்சை டின்னையும் பார்த்தாள்.

"இத வெளிய வெயில்ல வச்சா பச்ச வருமா டீச்சர்?"

டீச்சர் குனிந்து ஒரு தண்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பொய் சொல்லிவிட்டால் அந்த நேரத்துக்கு எல்லாம் சுலபமாகப் போயிருக்கும். "வரும் அக்கா," என்றார் மெதுவாக. "எல்லாம் வராது. கனக்கச் சாஞ்சு போகும். சிலது நிண்டு பிடிக்கும். எத்தினை எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது."

"வச்சுப் பாத்தாத்தானே தெரியும்," என்றாள் அம்மா.

அத்தை பதறிவிட்டாள். "என்னடி பேசற? அம்மனுக்குன்னு வந்தது. ஞாயித்துக்கிழமை கடல்ல விடாட்டி சாமி குத்தம்டி."

"ரெண்டு புள்ளைய விட்டாச்சுக்கா. இதையும் விடுன்னா என்னால முடியாது. என் வீட்டுல வச்சது ஒன்னு மொளைச்சிருக்கு. நான் குடுக்கமாட்டேன்." என்றாள் அம்மா. "அவளும் ஆத்தாதானே. குத்தம்னா எங்கிட்ட வந்து கேக்கட்டும்."

குனிந்து டின்னை அவளே எடுத்தாள். நடையில் நின்ற பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டார்கள். எங்கள் வீட்டுப் படி ஏணிபோல் செங்குத்தானது. டீச்சர் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, நான் அவளுக்கு முன்னால் பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கினேன். விழுந்தால் என்மேல் விழட்டும் என்று. அத்தை வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே பின்னால் வந்தாள். கீழே வந்து பார்த்தால் கையில் ஒரு முக்காலி. திட்டிக்கொண்டே அதைக் கடைவீட்டு வாசலை ஒட்டி மேல்மாடிக்குக் கீழே போகும் ஐந்தடிப் பாதையில் போட்டு அம்மாவை உட்காரவைத்தாள். கீழே கூடை பின்னுகிற சீனக் கிழவர் எங்கள் கூட்டத்தையும் அம்மாவின் வயிற்றையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தன் மூங்கில் கட்டுகளை இழுத்து ஒதுக்கி, வெயில் விழுகிற இடத்தைக் கையால் தட்டி, "சினி, சினி," இங்கே வையுங்கள் என்று மலாயில் காட்டினார். டின்னை அங்கே வைத்தோம். மாட்டுப் படத்தின் நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. அம்மா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தெருவைப் பார்த்தாள். மாதக்கணக்கில் அவள் பார்க்காத தெரு.

ஞாயிற்றுக்கிழமை அத்தையின் முளைப்பாரி லாரியில் போனது. எங்கள் டின் போகவில்லை. டீச்சர் சொன்னதுபோலவே நிறையச் சாய்ந்து விழுந்து அழுகிவிட்டன. அம்மா தினம் காலையில் இறங்கி வந்து முக்காலியில் உட்கார்ந்து, நின்றதற்கெல்லாம் ஈர்க்குச்சி ஊன்றி நூலால் கட்டினாள். சாய்ந்தரம் நண்டுப் பையன் அடிக்கோலோடு வந்துவிடுவான். இலை விரிந்ததை முதலில் பார்த்தது யார் என்று அவனுக்கும் எனக்கும் சண்டை. உண்மையில் முதலில் பார்த்தது அம்மா. நாங்கள் இரண்டு பேரும் வருகிறவரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். எங்களையே கண்டுபிடிக்க விட்டுவிட்டு, "அப்படியா, எங்க, எங்க?" என்று குனிந்து பார்த்தாள். என்ன ஒரு பசப்பு.

தங்கை புரட்டாசியில் நல்லபடியாகப் பிறந்தாள். அன்றைக்கு எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது, அதைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முந்தி, அந்த முதல் இலை விரிந்த அன்று நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். பிறக்காத பிள்ளைக்கு எதுவும் தயார் செய்யக்கூடாது, துணி வாங்கக்கூடாது, பெயர் யோசிக்கக்கூடாது என்பது எங்களில் வழக்கம். முன்னால் போன இரண்டும் பெயர் வைக்கிற நாள் வருவதற்குள் போய்விட்டதால் அவற்றுக்குப் பெயரே இல்லை. வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் பெரியது, சின்னது என்றுதான் சொல்வார்கள்.

அப்பா வேலை முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக் கழற்றாமல் ஐந்தடிப் பாதையிலேயே அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டின்னைப் பார்த்தார். "பரவால்லையே, நிக்குதே," என்றார்.

"ஒரு பேர் யோசிச்சு வைங்க," என்றாள் அம்மா.

அப்பா யோசிக்கவே இல்லை. பையன் என்றால் இது, பெண் என்றால் இது என்று இரண்டு பெயர்களை உடனே சொன்னார். இத்தனை மாதமும் வாயில் வைத்துக்கொண்டே திரிந்திருக்கிறார் என்பது எனக்கே புரிந்தது. அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த ரெண்டுக்கும்?" என்று கேட்டாள். "அதுக்கும் யோசிச்சு வச்சிருந்தீங்களா?"

அப்பா ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"சொல்லுங்க."

அப்பா சொன்னார். பெரியதுக்கு ஒன்று, சின்னதுக்கு ஒன்று. அம்மா அந்த இரண்டு பெயர்களையும், பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், ஒரு தடவை சொன்னாள்.